இடுப்புக்குள் இரண்டு கம்பிகள்

வேதவதியின் வலிக்கு எல்லோரும் நாற்காலியைத்தான் குற்றம் சொன்னார்கள். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் டிரங்க் கால் ஆபரேட்டர். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, சாய்மானம் சரியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நாள் முழுவதும் லைன் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. முதுகு முடிகிற இடத்தில் மந்தமாக ஒரு வலி ஆரம்பித்தது. டிஸ்க் என்றார் ஒரு டாக்டர்; காலில் எடை கட்டிப் படுக்கவைத்தார். மூலம் என்றார் இன்னொருவர். கர்ப்பப்பையில் கோளாறு, குழந்தை இல்லாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஒரு லேடி டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்று, வேதவதி வீட்டில் யாரோடும் பேசவில்லை. யாரோடும் என்றால் கணவன் சௌரிராஜனோடு. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

சௌரிராஜன் மின்சார வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா. அதிகம் பேசாதவர். காலையில் ஸ்நானம் செய்து, வீட்டில் இருக்கும் சாளக்கிராமத்துக்குத் திருவாராதனம் முடித்து, சமைத்த தளிகையைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஆபீஸ் போவார். மனைவிக்கு உட்கார முடியவில்லை என்று தெரிந்ததும் இலவம்பஞ்சில் நடுவே குழிவைத்து ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தார். அது சில மாதம் உதவியது. பிறகு அதுவும் உதவவில்லை. அவள் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.

எண்பத்து மூன்றாம் வருடம், இடது கால் மரத்துப்போய் அவள் பஸ் படியில் விழுந்த பிறகுதான் புத்தூரில் நர்சிங் ஹோம் வைத்திருந்த எலும்பு டாக்டர் அற்புதசாமியிடம் போனார்கள். அவர் பழைய எக்ஸ்ரே படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மேலயே பாத்திருக்காங்க. கீழ வயித்துக் காத்து மறைக்குது," என்றார். குடலைச் சுத்தம் செய்யச் சொல்லி, மறுநாள் புதிதாக ஒரு படம் எடுத்தார்.

படத்தைப் பார்த்ததும் சௌரிராஜனிடம், "சார், நீங்க மட்டும் கொஞ்சம் வெளில வாங்க," என்றார்.

"டாக்டர், அடுத்தவா ஆத்துச் சாவுச் சேதியெல்லாம் வருஷக்கணக்கா நான்தான் லைன் போட்டுக் கொடுத்துண்டிருக்கேன்," என்றாள் வேதவதி, படுத்தபடியே. "என்னோடதை என்கிட்டயே சொல்லுங்கோ."

டாக்டர் படத்தை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க முதுகெலும்பு. இது ரெண்டும் இடுப்பெலும்பு. நடுவுல, முக்கோணமா ஒரு பெரிய எலும்பு இருக்கணும். முதுகெலும்பு மொத்தமும் அது மேலதான் உக்காந்திருக்கு. உங்களுக்கு ஒரு கட்டி வந்து அதை அரிச்சிடுச்சு. ஓரம் மட்டும்தான் மிச்சம்."

வேதவதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை மாதிரி இருந்தது. பயத்தைவிட முதலில் அவளுக்கு வந்தது ஒரு விதமான ஆறுதல். இத்தனை நாள் சொன்னது பொய்யில்லை என்றாகிவிட்டதே.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று முழுவதுமாகச் சொல்ல முடியாத, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகிற கட்டி. விட்டால் வளரும். சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். அந்த எலும்பையே எடுத்துவிடுவதுதான் வழி. தலைமை சர்ஜன் நரைத்த மீசையோடு, களைத்த கண்களோடு இருந்தார். எதையும் மூடி மறைக்காமல் சொன்னார்.

"ஒரு நாள் வயித்து வழியா போய் ரத்தக் குழாயைக் கட்டணும். அடுத்து முதுகு வழியா எலும்பை எடுக்கணும். எடுத்துட்டா முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது. ரெண்டு கம்பி வெச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் பிணைச்சு, குறுக்கே ஒரு கம்பி போட்டு, உங்க கால்லேர்ந்து எலும்பு எடுத்து இடையில வெப்போம். அது ஒட்டணும். இதை நாங்க நிறைய பேருக்குச் செஞ்சதில்லைம்மா."

"நடப்பேனா?"

"நடக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. அந்த எலும்புக்குள்ளதான் சிறுநீருக்கும் மலத்துக்கும் போற நரம்பு ஓடுது. கட்டியோட சேத்து அதையும் வெட்டித்தான் ஆகணும். அந்தக் கட்டுப்பாடு திரும்ப வராது."

வெளியே வந்து வராந்தாவில், அவள் சுவரில் சாய்ந்து நிற்க, சௌரிராஜன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

"உனக்கு எது தோணறதோ, அதையே பண்ணலாம்."

"எல்லாத்துக்கும் இதையே சொல்றேள். இதுக்காவது உங்களுக்குன்னு ஒண்ணு தோணாதா?"

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். "நீ இருக்கணும்னு தோணறது," என்றார். "எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியலை."

ரத்தம் நிறைய வேண்டும் என்று சொன்னபோது எங்கே போவது என்று திகைத்தார்கள். வேதவதியின் சூப்பர்வைசர் பரக்கத் அலி, எக்ஸ்சேஞ்ச் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். எல்லோரும் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கான்டீனில் இட்லி சாப்பிட்டார்கள். "சார், அவங்க வந்து உக்கார சீட்டு அப்படியே இருக்கும்," என்றார் பரக்கத் அலி. உட்கார என்று சொல்லிவிட்டதை உடனே உணர்ந்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது ஆபரேஷன் காலையில் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் நடந்தது. சௌரிராஜனுக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் மனப்பாடம். அன்று பாதியில் எங்கோ தடம் தவறி, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சர்ஜன் வெளியே வந்தபோது முகமூடி இருந்த அச்சு அவர் கன்னத்தில் பதிந்திருந்தது. "எடுத்தாச்சு. கம்பி வெச்சாச்சு. காலுக்குப் போற மேல் நரம்புகளைக் காப்பாத்திட்டோம். இனிமேதான் உங்க வேலை," என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் சௌரிராஜனுக்கு ஸ்ரீரங்கம் வந்த பிறகுதான் புரிந்தது.

மார்பிலிருந்து தொடை வரை மாவுக்கட்டோடு அவளை ரயிலில் கொண்டுவந்து, நான்கு பேர் தூக்கி, கூடத்தில் கட்டிலில் போட்டார்கள். வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகில் காயம் ஒரு மூலையில் ஆறாமல் சீழ் வடிந்தது. முதலில் சிறுநீர்க் குழாய் நிரந்தரமாக இருந்தது. காய்ச்சல் வந்து வந்து போனதால் அதை எடுத்துவிட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் புதிதாகக் குழாயை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அற்புதசாமியின் நர்சிங் ஹோமிலிருந்து லூர்துராணி என்ற நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காயத்துக்கு மருந்து வைத்துவிட்டுப் போவாள். மற்ற எல்லாவற்றையும் சௌரிராஜன்தான் செய்தார். குழாயைக் கொதிக்க வைப்பது, விடுவது, எனிமா கொடுப்பது, துடைப்பது, துணியை அலசுவது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வேதவதி அவர் முன்னால் புடவை மாற்றிக்கொண்டது கூட இல்லை. இப்போது அவர் கை படும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஒவ்வொரு முறையும் முடித்துவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டு வருவார். ஈரத் தலையோடுதான் சாளக்கிராமத்தின் அருகே போவார். மார்கழிக் குளிரில் அவருக்குச் சளி பிடித்து, இருமல் நெஞ்சில் தங்கிவிட்டது.

அவருடைய அண்ணா சடகோபன் சித்திர வீதியில் இருந்தார். ஒரு நாள் வந்தவர், உள்ளே வராமல் வாசல் நிலையருகே நின்றார்.

"சௌரி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே. இந்த ஆத்துல இப்ப ஆசாரம் நடக்கற நிலைமையா இது? பெருமாளை நம்மாத்துக்கு எழுந்தருளப் பண்ணிடறேன். அங்க ஒரு குறையும் இல்லாம ஆராதனம் நடக்கும். நீயும் கொஞ்சம் மூச்சு விடலாம்."

சௌரிராஜன் கையில் அலசிய துணி வாளி இருந்தது. "அப்படியே பண்ணுங்கோ அண்ணா," என்றார். யோசித்துச் சொன்னது மாதிரியே இல்லை.

"வேண்டாம்," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "பெருமாள் இங்கேயே இருக்கட்டும். இந்த ஆத்துல இருக்கறதுக்கு அவருக்குக் கஷ்டமா இருந்தா, எங்களுக்கும்தான் இருக்கு."

சடகோபன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி வாளியைக் கீழே வைக்கவில்லை. அவர் போய்விட்டார். அதன்பிறகு அதிகம் வரவில்லை.

சில நாள் கழித்து, சௌரிராஜன் குழாய் எடுத்து முடித்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, நேராகப் பெருமாள் அலமாரிக்கு எதிரில் போய் உட்கார்ந்து மணியை எடுத்தார். வேதவதி கட்டிலிலிருந்து பார்த்தாள். அவர் தலை நனையாமல் காய்ந்திருந்தது. மணியடிக்கும் முன் அவர் ஒரு விநாடி தயங்கினார். பிறகு அடித்தார்.

மாவுக்கட்டைப் பிரித்து, தோலும் இரும்புப் பட்டையுமாக ஒரு பெல்ட் போட்ட பிறகும் வேலை குறையவில்லை. சௌரிராஜனின் விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லாத விடுப்பும் தீர்ந்து, அவர் மத்தியானம் ஒரு தரம் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டு மறுபடி ஆபீஸ் ஓடினார். பஸ்ஸில் நின்றபடியே தூங்கினார்.

ஒரு நாள் மழை. வேதவதிக்கு வயிற்றுப்போக்கு கண்டு, விரிப்பெல்லாம் பாழாகி, மாற்ற வேறு துணி காயாமல் இருந்தது. பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தவரிடம், மருந்து வைத்துவிட்டுக் கை கழுவ வந்த லூர்துராணி, "விடுங்க சார், நான் ரெண்டு அலசித் தரேன்," என்றாள்.

அவர் துணியை விடவில்லை. தலையை நிமிர்த்தாமலே, "சிஸ்டர், இதுக்கு ஆபரேஷன் பண்ணாமலே விட்டிருக்கலாமோன்னு தோணறது," என்றார்.

லூர்துராணி கூடத்து ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது, வேதவதி கேட்டாள்: "சிஸ்டர், இந்தக் குழாயை எனக்கு நானே விட்டுக்க முடியுமா?"

"முடியும்மா. மெட்ராஸ்ல பேஷன்ட்டுங்களே பண்ணிக்கிறாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா நீங்க சாய்ஞ்சு உக்காந்தாகணும். கண்ணாடி வெச்சுப் பாக்கணும். வலிக்காது, உங்களுக்குத்தான் அங்க உணர்ச்சி இல்லையே. அதான் கஷ்டமும். கை எங்க போவுதுன்னே தெரியாது."

தலையணைகளை அடுக்கி, சௌரிராஜன் சவரம் செய்யும் கண்ணாடியை முன்னால் சாய்த்து வைத்தாள். முதல் நாள் வேதவதி கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தன் உடம்பு மாதிரியே இல்லை என்றாள். இரண்டாம் நாள் குழாய் கை நழுவிக் கீழே விழுந்தது, மறுபடி கொதிக்க வைத்தார்கள், மறுபடி விழுந்தது. அவள் குழாயைச் சுவரில் வீசி எறிந்துவிட்டு அழுதாள். லூர்துராணி எழுந்து அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னைக்கு இது போதும்மா, நாளன்னைக்கு வரேன்," என்றாள். அன்று அவள் வீட்டிலும் ஏதோ பிரச்சினை; அவளுக்கும் பொறுமை அவ்வளவுதான் இருந்தது.

எப்போது கைவந்தது என்று வேதவதிக்கே சரியாக நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌரிராஜன் வழக்கம்போல வெந்நீரும் குழாயுமாக வந்தபோது, "வெச்சுட்டு நீங்க அந்தண்டை போங்கோ," என்றாள். "கதவைச் சாத்திண்டு போங்கோ."

அவர் கதவைச் சாத்திவிட்டு ரேழியில் நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே பாத்திரத்தில் நீர் விழும் சத்தம் கேட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்தவர், சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். விழித்தபோது சாயங்காலம். வேதவதி கூப்பிடவே இல்லை.

அன்று அவர் காபி கொண்டுவந்து நீட்டியபோது அவள் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க சிஸ்டர்கிட்ட சொன்னது என் காதுல விழுந்தது."

டம்ளர் அவர் கையிலேயே இருந்தது.

"நான் தப்பா எடுத்துக்கலை. எனக்கும் எத்தனையோ நாள் அப்படித் தோணியிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தோணாம இருந்தாப் போறும்."

சௌரிராஜன் டம்ளரை அவள் கையில் வைத்தார். "காபி ஆறிடும்," என்றார்.

புத்தூருக்கு வாரம் இருமுறை போய், இரண்டு பக்கமும் கம்பிப் பிடி வைத்த பாதையில் அவள் நிற்கக் கற்றாள். பிறகு நகர்ந்தாள். இடது பாதம் தொங்கியதால் அதற்கு ஒரு இரும்புச் செருப்பு. நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். உட்காருவதைவிட நிற்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அதனால் சமையலறைக்குப் போனாள். எரிகிற அடுப்பின் முன் நின்று அவள் முதல் நாள் புளி கரைத்துப் பண்ணிய சாத்தமுதில் உப்பு அதிகம். சௌரிராஜன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் தாண்டியிருக்கும். ஒரு நாள் காலை, மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினாள். உடம்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். விரலில் நெட்டி முறிவது போல. ஆனால் உள்ளேயிருந்து.

அவள் அசையவில்லை. டப்பாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்னா, இங்க வாங்கோ. ஓடி வராதீங்கோ, மெதுவா வாங்கோ. என்னைப் பிடிச்சுக்கோங்கோ. உள்ளே ஏதோ உடைஞ்சுடுத்து."

டாக்சியின் பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சௌரிராஜன் காவேரிப் பாலத்தைக் கடந்தார். தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. மறுபடி சென்னை, மறுபடி அந்த வராந்தா, மாவுக்கட்டு, வாளி எல்லாம் முதலிலிருந்தா என்று மட்டும் நினைத்தார். தன்னால் முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "என்னால முடியாது," என்று அதையே அவள் சொன்னாள், கண்ணை மூடியபடி. "இன்னொரு தரம் என்னால முடியாது. இப்பவே சொல்லிடறேன்."

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. இடது பக்கக் கம்பி நடுவில் உடைந்து, இரண்டு முனையும் லேசாக விலகியிருந்தது. அற்புதசாமி படத்தை நேராக வைத்து, சாய்த்து வைத்துப் பார்த்தார். சாய்ந்த வாக்கில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு சென்னை சர்ஜனுக்கு டிரங்க் கால் போட்டார். எக்ஸ்சேஞ்சில் யாருக்காக என்று தெரிந்ததும் பரக்கத் அலி தானே உட்கார்ந்து லைன் வாங்கிக் கொடுத்தார்.

பக்கத்து அறையில் மேஜைமேல் படுத்தபடி வேதவதி டாக்டரின் குரலை மட்டும் கேட்டாள். "ஆமா சார்... லெஃப்ட்... ரெண்டு பக்கமும் தொடர்ச்சியா இருக்கு சார்... இல்ல, வலி இல்லைங்கறாங்க... கால்ல புதுசா ஒண்ணும் இல்ல..." பிறகு நீண்ட மௌனம். லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். பிறகு, "சரி சார். நானும் அதான் நெனச்சேன்," என்றார்.

உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, கம்பி உடைஞ்சது உடைஞ்சதுதான். அது இருக்கட்டும். எடுக்க வேண்டாம், வேற வெக்கவும் வேண்டாம். உங்க கால்லேர்ந்து எடுத்து வெச்சோமே, அந்த எலும்பு ரெண்டு பக்கமும் ஒட்டிடுச்சு. இப்ப உங்களைத் தாங்கறது அதுதான். எலும்பு ஒட்டற வரைக்கும் கம்பி தாங்கணும். தாங்கிடுச்சு. அதுக்கப்புறம் எப்பவோ சோர்ந்து விட்டுடுச்சு."

"அப்ப எழுந்திருக்கலாமா?"

"எழுந்திருங்க."

லூர்துராணி ஒரு பக்கமும் சௌரிராஜன் ஒரு பக்கமும் பிடிக்க, அவள் எழுந்து நின்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. லூர்துராணி மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்பி வருகையில் வேதவதி ஜன்னலோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பாலம் ஏறும்போது சௌரிராஜனின் தலை அவள் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டு வாசலில் டாக்சி நின்றதும், டிரைவர் இறங்கிக் கதவைத் திறக்க வந்தார்.

"கொஞ்சம் இருங்கோ," என்றாள் மெதுவாக. "தூங்கறார்."

அடுத்த வருடம் அவள் வேலைக்குத் திரும்பினாள். டிரங்க் போர்டில் அத்தனை நேரம் உட்கார முடியாது என்பதால் புகார்ப் பிரிவில் போட்டார்கள். அங்கே நின்றுகொண்டும் பேசலாம். கைப்பையில் குழாயும் சின்னக் கண்ணாடியும் எப்போதும் இருக்கும். சில நாள் ஆபீஸிலேயே புடவை பாழாகும். லாக்கரில் ஒரு மாற்றுப் புடவை வைத்திருந்தாள். ஒரு முறை புதிதாக வந்த பெண்கள் மூக்கைப் பொத்தியது தெரிந்து, பாத்ரூமிலேயே மத்தியானம் வரை நின்றுவிட்டு வந்தாள். மறுநாளும் வேலைக்குப் போனாள்.

எண்பத்தெட்டில் கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கட்டி திரும்ப வரவில்லை, இனி வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்றார் அற்புதசாமி. வெளியே நல்ல வெயில். எதிரில் இருந்த ஹோட்டலில் போய் இரண்டு காபி சொன்னார்கள். வேதவதி மேஜையைப் பிடித்தபடி நின்றுகொண்டே குடித்தாள். சௌரிராஜனும் எழுந்து நின்றுகொண்டார்.

"நீங்க உக்காருங்கோ," என்றாள்.

"பரவாயில்லை," என்றவர், கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்துவிட்டார்.